புதுவையில் பிரெஞ்சுப் படிப்பும் துணைநின்ற கைகளும்



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோயில் எழும்பிய வரலாற்றையே நாம் எழுதுவோம் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நம்மைவிட நன்றாக அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே விட்டுவிட்டோம். நாம் எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடத்தின் கதை. அதிலும் பிரெஞ்சு மொழியிலேயே எல்லாப் பாடங்களையும் சொல்லிக்கொடுத்த புதுவைப் பள்ளிகளின் கதை. காரணம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பள்ளிச் சேர்க்கைக் காலம் நெருங்கும்போது, பங்கு இல்லத்துக்கு வரும் தாய்மார்களில் சிலராவது, "சாமி, பிள்ளையை லீசேயில் போடலாமா?" என்று கேட்காமல் போவதில்லை. அந்த ஒரு வரிக் கேள்விக்குப் பின்னால் 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பதில் சொல்வது எளிது என்று நாம் சொல்லவில்லை. கேள்வியையாவது சரியாகக் கேட்கலாம்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. கனடா நாட்டில் மொந்ரேயால் நகருக்கு அருகே சேன்-லாம்பேர் என்ற ஊரில், 1965-ஆம் ஆண்டு, ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் பாடம் சொல்லித்தரும்படி கேட்டு, அவ்வாறே ஒரு வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். பிள்ளைகள் பிரெஞ்சும் கற்றார்கள், தாய்மொழியையும் இழக்கவில்லை என்று கண்டார். பிள்ளையை மொழிக்குள் முழுக்கிவிடும் இந்த முறை பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே படியில் நின்றவர்கள்; ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆசிரியைக்கோ பிள்ளைகளின் மொழியும் புரியும். பெற்றோர் படித்தவர்கள், தாங்களே கேட்டுப் பெற்ற வகுப்பு அது. வீட்டு மொழியை யாரும் தாழ்வாக நினைக்கவில்லை. முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள்கூட ஆளின் கையையும் முதுகையும் பிடித்துக்கொண்டுதானே தண்ணீரில் முழுக்குகிறார்கள்! பிடிக்கும் கை இல்லாமல் முழுக்கினால் அதற்குப் பெயர் வேறு. புதுவையின் பிரெஞ்சுப் பள்ளிகளின் வரலாற்றை நாம் இந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறோம்: மொழி எது என்பதை மட்டும் அல்ல, கை பிடித்தவர் யார், எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தார்கள் என்பதையும்.

இன்று லீசே என்று நாம் அழைக்கும் பள்ளி 1826-இல் அரச கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் தெபாசேன் தெ ரிஷ்மோன். அடுத்த ஆண்டே, 1827-இல், அவர் பொது நூலகம் ஒன்றையும் ஏற்படுத்தினார். இன்று ரோமேன் ரோலான் நூலகம் என்று எல்லோரும் அறிந்திருப்பது அதுவே. கல்வியில் அக்கறை கொண்ட ஆளுநர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் காலத்து வழக்கப்படி வெள்ளையர் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழிவந்தோர் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி, சாதித் தமிழர் பிள்ளைகளுக்கு வேறொன்று, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு இன்னொன்று என்றே ஏற்பாடாயிற்று. பிரெஞ்சுப் புரட்சி நடந்து அப்போது 40 ஆண்டுகூட ஆகவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. திருச்சபையின் பள்ளிகளும் அந்தக் காலத்தில் சாதிப் பிரிவினைக்கு முற்றிலும் விலகி நின்றன என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

1827-ஆம் ஆண்டிலேயே குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவைக்கு வந்தார்கள். அந்தச் சபையை 1807-இல் பிரான்சில் நிறுவியவர் ஆன்-மரி ழாவுகே அம்மையார். 1950-இல் இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி, பான்சியோனா. அந்தச் சொல்லின் பொருளே தங்கிப் படிக்கும் பள்ளி என்பதுதான். இன்றும் புதுவை அரசுப் பெண்கள் பள்ளி ஒன்று 'பான்சியோனா தெ ழேன் ஃபீய்' என்ற பழைய பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் பொருள் தெரியாமலேயே தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். தங்கும் இடம், உணவு, நோயுற்றால் பார்த்துக்கொள்ள ஒரு சகோதரி, மாலையில் பாடம் படிக்க ஒரு நேரம், கையில் ஒரு தொழிலாகத் தையல்: இவை சேர்ந்ததுதான் அந்தப் பள்ளி. குளூனி கன்னியரின் பூத்தையல் கூடம் இன்றும் புதுவையில் பெயர் பெற்றது. ஏழைப் பெண்கள் பலருக்கு அதுவே சோறு போட்டது.

நம் மறைமாவட்ட வரலாற்றில் 1844-ஆம் ஆண்டு மிக முக்கியமானது. அப்போது புதுவையின் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக இருந்த மேற்றிராணியார் கிளெமான் பொனான் கூட்டிய ஆலோசனைச் சங்கம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், அதற்குப் பள்ளிகளைப் பெருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பெத்தி செமினேர் அந்த ஆண்டில் எழுந்தது. சிறிய குருமடம் என்பது அதன் பொருள்; குருக்களாகப் போகாத பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அதில் படித்து வெளியேறினார்கள். அதே 1844-இல் வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புய்க் குரு, மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடம் செல்வது ஊரில் கேலிக்குரியதாக இருந்த காலத்தில், தமிழ்ப் பெண்களையே கன்னியராகச் சேர்த்து, தமிழ்ச் சிறுமியருக்குப் பாடம் சொல்லித்தர ஏற்பட்ட சபை அது.

இந்தத் துப்புய்க் குருவைப் பற்றி இன்னும் சிறிது சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அவர் மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவரும் ஆவார். மூசே குருவும் இவரும் சேர்ந்து தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-இல் முதற் பாகமும் 1862-இல் இரண்டாம் பாகமுமாக அங்கே அச்சாயிற்று. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், அவனுக்குப் பாடம் சொல்ல வந்த பிரெஞ்சுக்காரருக்கும் இடையில் இருந்த ஆழமான வாய்க்காலுக்கு அது ஒரு பாலம். இன்று பள்ளிகளில் 'துணைச் சேவை' என்று பெரிய பெயர்களில் பேசுகிறார்கள். நம்மைக் கேட்டால், புதுவையில் பிரெஞ்சுப் படிப்புக்குக் கிடைத்த முதல் பெருந்துணை அந்த இரண்டு பாகங்கள்தான் என்போம். வகுப்பில் புரியாத சொல்லைத் தன் சொந்த மொழியில் தேடிப் பார்க்க ஒரு புத்தகம் இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் தரும் என்பதை, இலத்தீனில் தத்துவம் படித்த எந்தக் குருவும் அறிவார்.

அரசும் மிஷனும் போக, ஊர்ப் பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கலவை சுப்பராயச் செட்டியார் தம் பொருளைக் கொடுத்து 1877-இல் மிஷன் வீதியில் ஏற்படுத்திய கல்வே கல்லூரி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயர்ந்த பிரெஞ்சுப் படிப்பின் கதவைத் திறந்தது. பாவேந்தர் பாரதிதாசன் அங்கே படித்தவர். 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியரானார். பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியர் என்ற பதவி இருந்தது என்பதையும் இதனால் அறிகிறோம். பிரெஞ்சு ஆண்ட இடத்திலும் தமிழ் பாடமாக இருந்ததால்தான் அவரைப் போன்றவர்களுக்குப் பிழைப்பும் இருந்தது, நமக்கு ஒரு கவிஞரும் கிடைத்தார்.

பெற்றோர் பிரெஞ்சுப் படிப்பை ஏன் நாடினார்கள் என்பதற்கு மறைவான காரணம் ஏதுமில்லை. உத்தியோகம். 1860-களிலிருந்து சைகோன் பக்கம் பிரெஞ்சு ஆட்சி விரிந்தபோது, பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த புதுவை ஆட்கள் எழுத்தராகவும் சுங்கப் பணியாளராகவும் சேனையிலும் அங்கே போனார்கள். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை வந்தபின், தம் குலவழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்துப் புதிய குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் அவர்களில் மிகுதி. சாதிப் பெயருக்குப் பதிலாகப் பிரெஞ்சுப் பெயர். அந்தப் பெயரோடு பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் ஒரு வழி. 'சொல்தா வீடு' என்று நாம் சொல்லும் ஓய்வூதியக் குடும்பங்களின் கதை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் பிள்ளைச்சாவடி இந்தக் கதையில் எங்கே நிற்கிறது? ஓரத்தில்தான். காலாப்பட்டுப் பகுதி புதுவையைச் சேர்ந்தது. ஆனால் நகரத்துக்குப் போகும் சாலை பொம்மையார்பாளையத்தையும் கோட்டக்குப்பத்தையும் கடந்து போகிறது. அவை அன்று ஆங்கிலேயர் மண், இன்று தமிழ்நாட்டு மண். ஆகவே பிரெஞ்சு மண்ணிலிருந்து புறப்பட்ட பிள்ளை, வேற்று அரசின் நிலத்தைக் கடந்து, மறுபடி பிரெஞ்சு மண்ணில் கால் வைத்தால்தான் பிரெஞ்சுப் பள்ளி. 10, 12 கிலோமீட்டர் தூரம். கடலுக்குப் போகும் குடும்பத்தில் அதிகாலையில் தகப்பனும் இல்லை, மீன் விற்கப் போகும் தாயும் இல்லை. பிள்ளையை யார் கூட்டிப்போவது? மொழி தடுத்தது அப்புறம். முதலில் தடுத்தது தூரமும் பசியும். நகரத்தில் விடுதியில் இடம் கிடைத்த ஒன்றிரண்டு பிள்ளைகள் தவிர மற்றவர்களுக்குக் கடலே பள்ளியாயிற்று.

பசியைப் பற்றிச் சொன்னோம். புதுவைப் பள்ளிகளில் மதிய உணவைப் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1925-இல் செய்தது, காமராசர் 1956-இல் மாநிலம் முழுவதும் செய்தார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். புதுவை இந்த வரிசையில் பின்தங்கி நிற்கவில்லை என்பது நாம் பெருமைப்படத்தக்கது. 2002-இல் புதுவை அரசு காலைச் சிற்றுண்டித் திட்டத்தையும் கொண்டுவந்தது. மாணவருக்கென்றே ஒரு ரூபாய்க் கட்டணத்தில் பேருந்து விட்ட காலமும் உண்டு. சோறும் பேருந்தும் பாடத்திட்டத்தில் வராதவை. ஆனாலும் அவை வந்தபிறகுதான் நம் குப்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் நிலைத்தன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிறகு வந்தது 1954. நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது முழுச் சட்ட வலிமை பெற்றது. அரசுப் பள்ளிகள் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. பிரெஞ்சுக் கல்லூரி மட்டும் அதே இடத்தில், பிரெஞ்சுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் பள்ளியாகத் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1954-இல் இருந்த தனியார் பள்ளிகளும் விரும்பினால் பிரெஞ்சுப் படிப்பைத் தொடரலாம் என்று இடம் விடப்பட்டது. மிஷன் பள்ளிகள் காலப்போக்கில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறின. பெற்றோர் கேட்டது அதைத்தான்; சைகோன் போய்விட்டது, சென்னைதான் மிச்சம்.

அதே 1962-இல் தொடங்கி ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று விதி. ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக்கொடுத்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள், செய்தித்தாள் படித்தவர்கள் எழுதினார்கள். கடற்கரைக் குப்பத்தில் பெரும்பாலோர் எழுதவில்லை. சிலர் வேண்டாமென்று எழுதவில்லை. நாட்டுப்பற்று அவர்களுக்கு உண்டு, அதை நாம் மதிக்கிறோம். சிலர் இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாமல் எழுதவில்லை. அந்தத் தாளின் விளைவு பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் வந்து நிற்கும் என்று அன்று யார் கண்டார்கள்!

எப்படி என்றால்: வெளிநாடுகளில் உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளைக் கவனிக்கப் பிரான்ஸ் அரசு 1990-இல் ஒரு நிறுவனத்தைச் சட்டப்படி ஏற்படுத்தியது. புதுவை லீசே அதன் நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்து, கல்வி உதவித்தொகை உண்டு. பள்ளிக் கட்டணம் மட்டுமல்ல. தகுதி இருந்தால் புத்தகம், போக்குவரத்து, மதிய உணவு, தேர்வுக் கட்டணம் வரை அதில் அடங்கும். பிள்ளையின் பெயர் கொன்சுலாவில் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு தவறினால் இரக்கம் கிடையாது. இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளையும் இடமிருந்தால் லீசேயில் சேரலாம். ஆனால் இந்த உதவித்தொகை அவனுக்கு இல்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒருவனுக்குப் பேருந்துக் கட்டணம்கூட பாரீசிலிருந்து வருகிறது, மற்றவனுக்குச் சேரவே வழியில்லை. பிரான்ஸ் தன் குடிமக்களின் பிள்ளைகளைக் கவனிப்பது நியாயம்தான். குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் தேவை இருக்கும் இடத்தை விட்டுத் தாள் இருக்கும் இடத்துக்கே உதவி போகிறது என்பதைச் சொல்லாமல் இருக்கவும் மனமில்லை.

உள்ளே சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு என்ன துணை? பிரெஞ்சுப் பள்ளி முறையில் சில நல்ல ஏற்பாடுகள் உண்டு. நம் பள்ளிகளும் பின்பற்றத் தக்கவை. மூன்று வயதிலேயே மழலையர் வகுப்பு. எழுத்து வருமுன் மூன்று ஆண்டு பாட்டும் கதையும் படமும். காதும் நாக்கும் பழகியபின்தான் எழுத்து. பெரிய வகுப்புகளில் ஆசிரியர் வேறு, வருகையையும் ஒழுக்கத்தையும் பிள்ளையின் மனத்தையும் கவனிப்பவர் வேறு. நூலகத்தைப் பார்ப்பவரும் ஓர் ஆசிரியரே. தகவலைத் தேடக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. உடல் ஊனமுற்ற பிள்ளைகளின் கல்வி உரிமைக்காக 2005-இல் பிரான்சில் சட்டம் வந்தது. எழுத்து மாறித் தெரியும் பிள்ளை, கணக்கு ஏறாத பிள்ளை ஆகியோருக்குத் தனித் திட்டம் எழுதி, தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கவும் பிறகு விதி ஏற்பட்டது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையை 'மக்கு' என்று சொல்லி வலைக்கு அனுப்பிவிடுவோம். எத்தனை நல்ல மூளைகளை இப்படி அனுப்பினோமோ!

புதுவையிலேயே வேறொரு முறையும் நடக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1943-இல் தொடங்கிய பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில், வரலாறு போன்றவை ஆங்கிலத்தில். வங்காளம், குஜராத்தி, ஒரியா எனப் பல மொழி வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே உண்டு. தங்கிப் படிப்பதால் நாள் முழுவதும் கேட்டுப் பழகுகிறார்கள். அவர்கள் கொள்கை வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் மொழி வகுப்பறைக்கு வெளியே வளர்கிறது என்பதை அவர்களிடம் பார்க்கலாம்.

நம் பிள்ளை மாலை நாலரைக்கு வீடு திரும்பினால் பிரெஞ்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டுப்பாடம் என்ன என்று தாய்க்குத் தெரியாது. ஆசிரியை எழுதியனுப்பிய குறிப்பைப் பிள்ளையே படித்துச் சொல்ல வேண்டும். சொல்வதில் கொஞ்சம் கூடக் குறையவும் இருக்கும். பிள்ளைகளை நாம் அறிவோம்! பிரெஞ்சு தெரியாத தாய் தவறான பிரெஞ்சில் பேச முயல வேண்டியதில்லை. நல்ல தமிழில் கதை சொல்லட்டும், அன்று பள்ளியில் நடந்ததைத் தமிழில் விவரிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு மொழியில் நன்றாக விவரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாம் மொழியும் ஏறும். லீசேயிலேயே தமிழும் ஒரு பாடமாக உண்டு. அதை வேண்டாமென்று விலக்கும் பெற்றோரைக் கண்டு நாம் வியக்கிறோம்.

லீசேயில் போடலாமா என்று கேட்கும் தாயிடம் இப்போது நாம் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். குடியுரிமைத் தாள் சரியாக இருக்கிறதா, பிள்ளையின் பிறப்பு கொன்சுலாவில் பதிவாயிற்றா? கூட்டிப்போய் அழைத்துவர ஆள் யார்? மாலையில் உட்கார்ந்து படிக்க இடம் எங்கே? ஐந்தாம் வகுப்பில் பிள்ளை திணறினால், அவனை அடிக்காமல் ஆசிரியையிடம் போய்ப் பேச உங்களுக்குத் தைரியம் உண்டா? நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மொழி தெரியாத இடத்தில் வாய் திறக்க யாருக்கும் கூச்சம்தான். ஆகையால் பிரெஞ்சு தெரிந்த நம் பங்கின் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகும்படி சொல்கிறோம். சிலர் போய் வருகிறார்கள்.

பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை விளக்கு எரிகிறது. லீசே பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். சேனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற இரண்டு பெரியவர்கள் பிரெஞ்சுக்கு இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளம்பெண் ஒருத்தி கணக்குச் சொல்லித் தருகிறாள். தமிழுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இலக்கணம் தெரிந்து, வாரம் இரண்டு மாலை வரக்கூடியவர் பங்கில் எவரேனும் இருந்தால் ஞாயிறு பூசைக்குப் பின் நம்மை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.